இரண்டு சூசைகள்: இறையியல் யாருடைய பாடம்?

'நமக்கும் இறையியலுக்கும் என்ன சம்பந்தம்? அது சாமியார்மார் படிக்கிற படிப்பு. நமக்கு நிலம், கூலி, சுடுகாடு, இடஒதுக்கீடு என்று ஆயிரம் வேலை கெடக்கு.' இயக்கத் தோழர்களிடம் கத்தோலிக்க இறையியலைப் பற்றிப் பேச்செடுத்தால் வருகிற முதல் பதில் இதுதான். படித்த தோழர்கள் இன்னும் ஒருபடி மேலே போய், கடவுளே இல்லை, பிறகு கடவுளைப் பற்றி ஒரு இயல் என்னத்துக்கு என்பார்கள். கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பது இந்தக் கட்டுரையின் பிரச்சினை அல்ல. ஒரு வாக்கியம் இருக்கிறது. அதுதான் பிரச்சினை. 'திருமுழுக்குப் பெற்றவருக்குச் சாதி இல்லை' என்கிற வாக்கியம்.

இது சமூகவியல் வாக்கியம் அல்ல. சமூகவியல் என்றால் தெருவில் இறங்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. இது சுத்தமான இறையியல் வாக்கியம். பிரசங்க மேடையில் சொன்னால் கேட்கிறவனுக்கு ஆறுதல். குருமட வகுப்பில் எழுதினால் மதிப்பெண். தாலுகா ஆபீசில் இதே வாக்கியம் வேறு வேலை செய்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவல்லாத எவரையும் பட்டியல் சாதியினராகக் கருதக்கூடாது என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் உள்ளே சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவத் தலித்தும் இஸ்லாமியத் தலித்தும் இன்றுவரை வெளியேதான். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவரானவருக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஒரு வரி ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

குமரி மாவட்டத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரே தெரு, ஒரே வீடு, ஒரே அம்மைக்க வயிற்றுப் பிள்ளைகள். அண்ணன் இந்து சாம்பவர், எஸ்.சி. பூசைக்குப் போகிற தம்பி கிறித்தவ சாம்பவர், பி.சி. டீக்கடையிலும் வயக்காட்டிலும் ஊர் ரெண்டு பேரையும் ஒன்றுபோலத்தான் பார்க்கிறது. தாசில்தார் மட்டும் வேறுவேறாகப் பார்க்கிறார். தாசில்தாருக்கு இதைக் கற்றுக்கொடுத்தது சட்டம். சட்டத்துக்குக் கற்றுக்கொடுத்தது யார்? மதச்சார்பற்ற அரசு என்கிறோம். ஆனால் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அந்த அரசு, ஞானோபதேச வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளையைப்போல மனப்பாடமாக ஒப்பிக்கிறது. நம் பிள்ளைகளின் படிப்பையும் வேலையையும் தீர்மானிக்கிற ஒரு வாக்கியத்தை, 'அது சாமியார்மார் விஷயம்' என்று விட்டுவிட்டுப் போக முடியுமா?

2

நான் படித்தது எம்.ஏ. தமிழ். இறையியல் படித்தவனில்லை என்று சொல்லத்தான் நினைக்கிறேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் கத்தோலிக்க இறையியல் மிகப் பரவலாகக் கற்பிக்கப்படுகிற இடம் தமிழ்த்துறைதான். தேம்பாவணி வேறென்ன? 3 காண்டம், 36 படலம், 3615 பாட்டு. 1726இல் வீரமாமுனிவர் முடித்த காப்பியம். மரியாளின் கணவராகிய சூசையப்பர்தான் பாட்டுடைத் தலைவர். மீட்பு, பாவம், அருள், கன்னிமை என்று கத்தோலிக்கக் கோட்பாடு முழுவதும் சந்த இன்பத்தோடு அதில் வருகிறது. நாங்களும் சந்தம் பிரித்தோம், உவமை எண்ணினோம், கம்பனோடு ஒப்பிட்டோம். சூசை தச்சர். கையில் உளி பிடித்த தொழிலாளி. ஆனால் காப்பியத் தலைவன் ஆகவேண்டுமென்றால் தாவீது அரசனின் குலம் வேண்டும். அந்தக் குலப்பெருமை சொல்லப்பட்ட பிறகுதான் தச்சன் தமிழ்க் காப்பியத்துக்குள் நுழைய முடிகிறது. இதை வகுப்பில் கேட்டேன். 'அது காப்பிய இலக்கணம், தம்பி' என்று பதில் வந்தது. இந்தப் பாட்டெல்லாம் எழுதப்பட்ட காலத்தில் பறையர் வீட்டுக்குள் பாதிரியார் போகலாமா கூடாதா என்று ஒரு சண்டை நடந்ததே, அது பற்றி என்றேன். 'அது வரலாற்றுத் துறை' என்றார்கள். எந்தக் கல்லூரி என்று சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கல்லூரியிலும் இந்தப் பதில்தான் கிடைத்திருக்கும்.

இன்னொரு சூசை இருக்கிறார். அவரைப் பற்றி எந்தத் துறையும் பாடம் வைக்கவில்லை. சென்னையில் தெருவோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். ஆதிதிராவிடர், கிறித்தவரானவர். செருப்புத் தைக்கும் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பட்டியல் சாதி இந்துக்களுக்குக் கிடைத்தது. அதே தெருவில் அதே தோலைத் தைத்த சூசைக்குக் கிடைக்கவில்லை. கேட்டால், நீ கிறித்தவன் என்றார்கள். அவர் உச்சநீதிமன்றம் வரை போனார். 'சூசை எதிர் இந்திய ஒன்றியம்' என்ற அந்த வழக்கில் 1985இல் தீர்ப்பு வந்தது. சூசை தோற்றார்.

தோற்ற காரணத்தை நம் மாணவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது என்றது நீதிமன்றம். இந்து சமூகத்தில் அந்தச் சாதிக்கு இருந்த இழிவும் தடையும் அதே கொடுமையோடு கிறித்தவச் சூழலிலும் தொடர்கின்றன என்று நிறுவ வேண்டுமாம். கிறித்தவ சமுதாயத்தின் இன்றைய நிலை பற்றி ஆதாரப்பூர்வமான, விரிவான ஆய்வு எதுவும் தங்கள் முன் வைக்கப்படவில்லை என்றது. அதாவது, ஒரு செருப்புத் தொழிலாளி தன் பெட்டிக்கடையை இழந்ததற்கு ஒரு காரணம், ஆய்வு இல்லாதது. அந்த ஆய்வைச் செய்திருக்க வேண்டியவர்கள் யார்? தமிழகத்தில் கிறித்தவத்தைப் பற்றிப் படிப்பதற்கென்றே எத்தனை கட்டடங்கள் இருந்தன? அங்கெல்லாம் அப்போது என்ன படித்துக்கொண்டிருந்தார்கள்?

3

இறையியல் ஏன் நம் கைக்கு வராத படிப்பாக ஆயிற்று என்பதற்கு ஒரு கதை உண்டு. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது வெள்ளைக்காரன் மத நடுநிலை பேசி இறையியலைப் பாடமாக வைக்கவில்லை. சீர்திருத்தச் சபையாருக்கு வங்காளத்துச் செராம்பூர்க் கல்லூரி இருந்தது. 1827இல் டென்மார்க் அரசர் கொடுத்த பட்டயத்தால் அது இறையியல் பட்டம் வழங்க முடிந்தது. கத்தோலிக்கருக்கு எல்லாம் ரோமாபுரிதான். 13ஆம் லியோ பாப்பரசர் 1893இல் இலங்கையின் கண்டியில் ஒரு பாப்பரசர் குருமடம் தொடங்கினார். இந்தியக் குருமாணவர்கள் கடல் தாண்டிப் போய் அங்கே லத்தீனில் இறையியல் படித்தார்கள். 1955இல் அந்தக் குருமடம் பூனாவுக்கு வந்தது. திருச்சியிலும் பூந்தமல்லியிலும் குருமடங்கள் உண்டு. லத்தீன் போய் ஆங்கிலம் வந்தது. பொதுநிலையினரும் இறையியல் படிக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் விருப்பம் தெரிவித்தது.

விருப்பம் தெரிவித்தார்கள், சாவியைக் கொடுக்கவில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 812ஆம் விதியைப் பாருங்கள். உயர்கல்வி நிறுவனங்களில் இறையியல் பாடம் நடத்துகிறவர் திருச்சபை அதிகாரத்தின் ஆணை பெற்றிருக்க வேண்டும் என்கிறது. கற்பிக்க அனுமதி ஆயரிடம். படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் குருமாணவர்கள், ஆண்கள், மணமாகாதவர்கள். ஒரு தலித் பெண் இறையியல் படிக்க நினைத்தால் முதலில் கன்னியர் மடத்துக் கதவைத் தட்ட வேண்டும். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதற்குப் பாமா சாட்சி சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு வருகிறேன்.

4

குருமடத்தில் திருச்சபை வரலாறு ஒரு பாடம். தே நொபிலி 1606இல் மதுரைக்கு வந்ததும், காவி கட்டிப் பூணூல் தரித்துப் பிராமண சந்நியாசியாக வாழ்ந்ததும், 'பண்பாட்டுமயமாதல்' என்ற தலைப்பில் பெருமையாகச் சொல்லப்படும். எந்தப் பண்பாடு? யாருடைய பண்பாடு? 1623இல் 15ஆம் கிரகோரி பாப்பரசர் ஒரு ஆணை விடுத்தார். மதம் மாறிய பிராமணர் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். அதே ஆணையில், உயர்ந்த குலத்தார் தாழ்ந்தோரை இகழ வேண்டாம் என்று மன்றாடியும் கேட்டுக்கொண்டார். பூணூலுக்கு அனுமதி சட்டமாக வந்தது. சமத்துவம் வேண்டுகோளாக வந்தது. தமிழகத் திருச்சபையின் சாதி வரலாறு முழுவதும் இந்த ஒரு தாளில் அடங்கிவிடுகிறது.

பிராமண வேடமிட்ட குரு பறையர் சேரிக்குப் போக முடியாது. ஆகவே 1640 வாக்கில் 'பண்டாரசாமிகள்' என்ற தனி வகைக் குருக்கள் வந்தார்கள். 1704இல் பாப்பரசரின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் இதையெல்லாம் விசாரித்து ஒரு ஆணை போட்டார். சாகக் கிடக்கிற பறையருக்கு அவருடைய குடிசைக்குள் போய் அருளடையாளம் கொடுக்க மறுக்கக்கூடாது என்பது அதில் ஒன்று. இதை ஏற்பதா வேண்டாமா என்று 40 வருடம் ரோமாபுரிக்கும் மதுரை மிஷனுக்கும் இழுபறி. ஒரு சாவுப்படுக்கைக்கு அருகில் போவதற்கு 40 வருட விவாதம்! கடைசியில் 1744 செப்டம்பர் 12இல் 14ஆம் பெனடிக்ட் பாப்பரசர் இறுதி ஆணை வெளியிட்டார். பறையருக்கென்றே தனிக் குருக்களை ஏற்படுத்துகிறோம் என்று இயேசு சபையார் சொன்ன யோசனையை அவர் ஏற்றுக்கொண்டார். தேம்பாவணி ஆசிரியர் அப்போது உயிரோடு இருந்தார். 1747இல்தான் இறந்தார்.

இப்போது நாஞ்சில் நாட்டுக்கு வருவோம். அந்த ஆணை வந்து எட்டே மாதத்தில், 1745 மே 14இல், நம் எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள வடக்கன்குளத்தில், அதே மதுரை மிஷனைச் சேர்ந்த ஒரு இயேசு சபைக் குருவிடம், நட்டாலத்து நாயர் ஒருவர் திருமுழுக்குப் பெற்றார். மார்த்தாண்டவர்மாவின் அரண்மனை உத்தியோகஸ்தர். பெயர் தேவசகாயம். 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகியதும் அவர் பட்ட பாட்டுக்கு ஒரு காரணம் என்று இன்று திருச்சபை சொல்கிறது. 2012 டிசம்பர் 2இல் நாகர்கோவிலில் அருளாளர் பட்டம், 2022 மே 15இல் ரோமாபுரியில் புனிதர் பட்டம்.

இந்த இரண்டு தேதிகளையும், 1744ஐயும் 1745ஐயும், பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது பிரசங்கம் பண்ணிக் கேட்டிருக்கிறோமா? சாதி பாராத தேவசகாயத்தைப் புனிதராக்கினால் பெருமை. அவரை வரவேற்ற மிஷன் அந்த நேரத்தில் பறையருக்குத் தனிக் குரு வைத்துக்கொண்டிருந்தது என்று சொன்னால் சங்கடம். பெயரிலேயே சங்கடம் வந்தது. 'தேவசகாயம் பிள்ளை' என்று சாதிப் பின்னொட்டோடு பட்டம் கொடுக்கலாமா என்று கேள்வி எழுப்பப்பட்டது. ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.ஜி. தேவசகாயம் போன்றவர்கள் ரோமாபுரிக்கு எழுதினார்கள். புனிதர் பட்டத்துக்கு முன்பு 'பிள்ளை' நீக்கப்பட்டது. இது நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டது எந்த இறையியல் பேராசிரியரும் அல்ல, ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலுக்கு இரண்டு கால். பீடம் ஒன்று, அதிலிருந்து பிரிந்து போகிற நடைகள் இரண்டு. வெள்ளாளருக்கு ஒன்று, நாடார் முதலானோருக்கு ஒன்று. நடுவில் சுவர். 1910இல் கௌசானல் சாமியார் சுவரை இடித்தார். வெள்ளாளர் வழக்குப் போட்டார்கள். கோயிலுக்குள் சாதிக்கென்று தனியிடம் கேட்க உரிமையில்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டியது இருக்கிறது. 'கிறித்தவத்தில் சாதிக்கு இடமில்லை' என்ற அந்த வாக்கியம் அன்றைக்கு நீதிமன்றத்தில் வெள்ளாளரின் சாதித் திமிருக்கு எதிராக நின்றது. 1985இல் அதே வாக்கியத்தின் நிழல் செருப்புத் தைக்கிற சூசையின் மேல் விழுந்தது. ஒரே வாக்கியம்தான். சுவர் கட்டியவனிடம் 'உனக்குச் சாதி உரிமை இல்லை' என்று சொல்லும்போது அது விடுதலை. சுவருக்கு வெளியே நிறுத்தப்பட்டவனிடம் 'உனக்குச் சாதியே இல்லை' என்று சொல்லும்போது அது திருட்டு. இந்த வித்தியாசத்தைப் பிரித்துச் சொல்வதுதான் இறையியலின் வேலையாக இருந்திருக்க வேண்டும்.

5

செய்யவே இல்லையா என்று கேட்டால், செய்தார்கள். அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் பேசியதிலிருந்து தலித் இறையியல் என்ற சொல்லாடல் தொடங்குகிறது என்பார்கள். அவர் மராட்டியத் தலித், சீர்திருத்தச் சபைக்காரர். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் 'பரட்டை' தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் இறையியலைப் பாடினார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கித் தின்பதுதான் நற்கருணை என்ற அவருடைய 'ஒரே உலை' கருத்து, புத்தக இறையியலைச் சமையல்கட்டுக்கு இழுத்து வந்தது. கத்தோலிக்கத் தரப்பில் இயேசு சபையைச் சேர்ந்த இருதயராஜ், மரிய அருள்ராஜா போன்றோர் எழுதினார்கள்.

பல்கலைக்கழகம் என்று வரும்போது பெலிக்ஸ் வில்பிரட்டை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிறித்தவ ஆய்வுகள் துறையில் பேராசிரியராக இருந்தவர். 2025 ஜனவரியில் மறைந்தார். ரோமாபுரியின் அனைத்துலக இறையியல் ஆணைக்குழுவிலும், 'கொன்சிலியும்' என்ற உலகப் புகழ் இதழின் தலைமையிலும் இருந்தவர். ஆயர் நடத்தும் குருமடத்தை விட்டு, அரசு நடத்தும் பல்கலைக்கழகத்தில் இறையியலை நிறுத்தியதுதான் அவர் செய்த பெரிய காரியம் என்று நினைக்கிறேன். அங்கே இந்து, முஸ்லிம், நாத்திகன், பெண், திருமணமானவர், யாரும் வந்து உட்காரலாம். மக்கள் வரிப்பணத்தில் நடக்கிற வகுப்பில் கேள்வி கேட்க யாரிடமும் ஆசி வாங்க வேண்டாம். 'புழுதி மண்ணிலிருந்து' என்று பொருள்படும் தலைப்பில் 1995இல் வந்த நூலும், விளிம்புகளே ஆசிய இறையியலின் இடம் என்று 2008இல் எழுதிய நூலும், தலித் அதிகாரம் பற்றி 2007இல் எழுதிய நூலும் இறையியலின் முகத்தை ஏழைகள் பக்கம் திருப்பின.

என் விமர்சனம் இதுதான். இந்த நூல்கள் பேசுகிற புழுதி நம் புழுதி. ஆனால் நூல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. லூவேனிலும் ரோமிலும் இருக்கிற வாசகனுக்கு விளிம்பைப் பற்றி விளக்குகின்றன. விளிம்பில் இருக்கிறவன் அதைப் படித்து 'இது தப்பு, இங்ஙன இல்ல' என்று திருத்துவதற்கு வழியில்லை. இது ஒரு தனிமனிதரின் குறை அல்ல. இறையியல் படிப்பின் அமைப்பே அப்படி. நாஞ்சில் நாட்டில் நடவு நடுவதும் களை பறிப்பதும் கதிர் அறுப்பதும் நம்ம ஆட்கள். களத்தில் மரக்கால் பிடித்துக் கோட்டைக் கணக்குப் போடுகிறவன் வேறொருத்தன். தலித் இறையியலிலும் அதுதான் நடக்கிறது. 'அனுபவம்' நம்முடையது, 'கோட்பாடு' பேராசிரியருடையது. நாம் அழுவோம், அவர்கள் அடிக்குறிப்புப் போடுவார்கள்.

நம் ஊர் வரலாறு இப்படிப் பிரித்துக் கொடுக்கவில்லை. நாஞ்சில் நாட்டுக்குச் சீர்திருத்தக் கிறித்தவத்தை வெள்ளைக்காரன் தேடி வந்து கொடுக்கவில்லை. மயிலாடியைச் சேர்ந்த சாம்பவர் மகாராசன் தஞ்சாவூர் வரை நடந்து போய்க் கேட்டு, விவாதித்து, வேதமாணிக்கம் என்று பெயர் பெற்றுத் திரும்பி வந்தார். அவர் அழைத்த பிறகுதான் 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். தெற்குத் திருவிதாங்கூரில் அடிமை விற்பனையை ஒழித்துச் சட்டம் வந்தது 1855இல். அதற்கு அரைநூற்றாண்டு முன்பே, அடிமைச் சாதி என்று ஓலை எழுதி விற்கப்பட்ட சனங்களில் ஒருவர், தனக்கு எந்தக் கடவுள் வேண்டும் என்று தானே ஆராய்ந்து முடிவு செய்திருக்கிறார். இது இறையியல் இல்லை என்றால் வேறு எது இறையியல்?

6

1992ஆம் ஆண்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் மதுரையில் ஒரே நிறுவனத்திலிருந்து, இயேசு சபையினரின் சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையத்திலிருந்து, இரண்டு நூல்கள் வந்தன. ஒன்று, அந்தோணிராஜ் என்ற இயேசு சபைச் சமூகவியலாளர், தமிழகத்தில் தலித் கிறித்தவர்மீதான பாகுபாடு பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு. தனிக் கல்லறை, தனி இருக்கை, தனிப் பாடை, தலித் தெருவுக்குள் நுழையாத சப்பரம் என்று கணக்கெடுத்து வைத்தது. 1985இல் நீதிமன்றம் 'இல்லை' என்று சொன்ன ஆய்வு ஏழு வருடம் கழித்து வந்தது. சூசைக்குப் பயன்படவில்லை. இன்னொன்று, பாமாவின் 'கருக்கு'.

கருக்கை நாம் தன்வரலாறு என்கிறோம், தலித் இலக்கியம் என்கிறோம். இப்போது குருமடங்களும் கூடப் படிக்கின்றன. எப்படிப் படிக்கின்றன? 'வேதனைக் குரல்' என்று. இறையியலுக்குக் கச்சாப்பொருள் என்று. நான் சொல்கிறேன், கருக்குதான் இறையியல் நூல். ஏழைகளுக்குச் சேவை செய்யலாம் என்று நம்பி மடத்துக்குப் போன ஒரு பெண், திருச்சபை சொல்வதையும் செய்வதையும் வரிக்கு வரி ஒத்துப் பார்த்து, ஒத்துவராததைக் கணக்கெழுதி, கடைசியில் மடத்தை விட்டு வெளியே வருகிறாள். சில சபைகளில் தலித் பெண்களைச் சேர்க்க மாட்டார்கள், அவர்களுக்கென்று தனிச் சபை எங்கோ இருக்கிறது என்று பயிற்சிக் காலத்தில் கேள்விப்பட்டதை அவர் எழுதுகிறார். 1744இல் பறையருக்குத் தனிக் குரு. இருபதாம் நூற்றாண்டில் பறையப் பெண்ணுக்குத் தனிக் கன்னியர் சபை. பாப்பரசரின் ஆணையைப் படிக்காமலே அதன் தொடர்ச்சியைக் கண்டுபிடித்துச் சொன்னவர் பாமா. இதை எந்தத் திருச்சபை வரலாற்றுப் பாடநூல் சொல்லிற்று?

ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002இல் வந்தது. 2024 நவம்பரில் மறைந்த அவர் நமக்கு விட்டுப்போன பெரிய சொத்து அது. கத்தோலிக்கப் பள்ளி, விடுதி, கல்லூரி என்று வளர்கிற தலித் பையன், படித்து முடித்து வேலைக்கு அலைந்து, கடைசியில் சாதிச் சான்றிதழுக்காக இந்துவாக மாறுகிற இடத்தில் வந்து நிற்கிறான். சிரிக்கச் சிரிக்க எழுதப்பட்ட புத்தகம். ஆனால் அந்த முடிவை இறையியலாக வாசியுங்கள். திருமுழுக்கு அழிக்க முடியாத முத்திரை என்பது கத்தோலிக்கக் கோட்பாடு. அந்த முத்திரையை ஒரு அரசாணை அழிக்கச் சொல்கிறது. சாதிதான் அழியாத முத்திரையாக நிற்கிறது. இதற்குப் பதில் சொல்லாத இறையியலை எந்தப் பல்கலைக்கழகத்தில் வைத்து நடத்தினாலும் என்ன?

7

திருச்சபை பேசாமல் இல்லை. 1982இல் திருச்சியில் கூடிய இந்திய ஆயர்கள் சாதிப் பாகுபாடு கடவுளுக்கும் மனிதருக்கும் எதிரான பாவம் என்றார்கள். 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் இரண்டாம் ஜான் பால் பாப்பரசரும் சாதிய உணர்வைக் கண்டித்தார். 2008 மார்ச்சில் எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கரைச் சாதிக் கத்தோலிக்கர் தாக்கினர். துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு என்று எழுத்தில் ஒத்துக்கொண்டது. ஆக, திருச்சபையே 'எங்களிடம் சாதி இருக்கிறது' என்று ஒப்புக்கொண்டுவிட்டது. அரசுதான் 'இல்லை, உங்கள் இறையியல்படி இல்லை' என்று சாதிக்கிறது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், பட்டியல் சாதி அந்தஸ்திலிருந்து மதத்தைப் பிரித்துவிடச் சொன்னது. 2022 அக்டோபரில் பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையத்தை மத்திய அரசு அமைத்தது. 2024 நவம்பரில் ஒரு புதுச்சேரிப் பெண்ணின் வழக்கில், குழந்தையில் பெற்ற திருமுழுக்கின் பதிவையும் கோயிலுக்குப் போகும் வழக்கத்தையும் பார்த்துச் சான்றிதழ் கிடையாது என்றது உச்சநீதிமன்றம். திருமுழுக்கு என்றால் என்ன, அது ஒரு மனிதனை என்ன செய்கிறது என்று நீதிபதிகள் இறையியல் பேசுகிறார்கள். நாம் பேசக்கூடாதா?

ஆகவே மாணவத் தோழர்களுக்குச் சொல்ல இருப்பது சில காரியங்கள்தான். பல்கலைக்கழகத்தில் கிறித்தவ ஆய்வு இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேருங்கள். நம்பிக்கை இருந்தால் நம்பிக்கையோடு, இல்லாவிட்டால் இல்லாமலே. தமிழில் ஆய்வேடு எழுத அனுமதி கேளுங்கள். கருக்கைத் தமிழ்த்துறைப் பாடத்தில் மட்டும் அல்ல, இறையியல் தாளிலும் வைக்கச் சொல்லிப் போராடுங்கள். தேம்பாவணியை நடத்துகிற ஆசிரியரிடம் 1704ஐயும் 1744ஐயும் கேளுங்கள். 'வரலாற்றுத் துறை' என்றால் அங்கேயும் போய்க் கேளுங்கள்.

அதைவிட முக்கியமானது வீட்டுப் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் பங்குக் கோயிலின் திருமுழுக்கு ஏடு, கலியாண ஏடு, கல்லறைத் தோட்டத்தின் வரிசை, குருசடிக்கு யார் எண்ணெய் ஊற்றலாம், திருவிழாவில் எந்த நாள் எந்தச் சாதிக்கு, சப்பரம் எந்த முக்கில் திரும்புகிறது. இதையெல்லாம் நோட்டுப் போட்டு எழுதுங்கள். பாட்டிமாரிடம் கேட்டு எழுதுங்கள். 'எங்க காலத்துல சாமியாரு எங்க முடுக்குக்குள்ள வரமாட்டாரு, உபதேசியாரைத்தான் விடுவாரு' என்று ஒரு கிழவி சொன்னால், அது ரோமாபுரி ஆவணத்துக்குச் சமமான ஆவணம். ஊரும் ஆண்டும் சொன்னவர் வயதும் குறித்து வையுங்கள். அடுத்த சூசை நீதிமன்றத்துக்குப் போகும்போது, ஆய்வு எங்கே என்று கேட்பார்கள். மேசைமேல் தூக்கிப் போட நம் கையில் அது இருக்க வேண்டும்.